மகளின் சக்கரம், உங்கள் சைக்கிள்

ஏனுங்க,

இன்று தோப்பில் மோட்டார் ரூமைக் கூட்டும்போது அந்த மரை போட்ட கம்பி காலில் இடறியது. முழ நீளக் கம்பி, அதில் இரண்டு நட்டு. பம்ப்செட்டை மாற்றியபோது மிஞ்சியதை, தூக்கிப் போட மனமில்லாமல் நீங்கள் எடுத்து வைத்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாதி ரூம் கூட்டாமல் கிடக்கிறது.

பக்கவாதம் வந்து எழுந்த பிறகு உங்கள் வலது கால் நீங்கள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டது. வீட்டிலிருந்து தோப்புக்குப் போக அந்த வாய்க்கால் கரையில், கனால் மேட்டில் ஏற வேண்டும். பழைய சைக்கிளை மிதித்து ஏற உங்களால் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தினமும் தன் பைக்கில் கூட்டிப் போக வந்து நிற்பார். நீங்கள் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வீர்கள். அவர் போனதும் கண்ணைத் திறந்து, "மூட்டையாட்ட ஒருத்தர் பின்னால உக்காந்து போறதுக்கு நான் ஊட்லயே கெடக்கறேன்" என்பீர்கள். நானும் இல்லாமல், யாரும் இல்லாமல், தனியாகத் தோப்புக்குப் போய் வர வேண்டும். அந்த ஒன்றைத் தவிர உங்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவளுடைய கியர் சைக்கிள் சும்மா நின்றது. அதையே ஓட்டலாமே என்றேன். குனிந்து பிடிக்கிற அந்த ஹேண்டில்பாரில் உங்கள் வலது கை நிற்காது. அதன் பின்சக்கரத்தை மட்டும் கழற்றி உங்கள் சைக்கிளில் போட்டு, சங்கிலியைப் பெரிய பல்லுச்சக்கரத்தில் விட்டால் மிதிக்க லேசாக இருக்கும் என்று கணக்குப் போட்டீர்கள்.

சக்கரம் உள்ளேயே போகவில்லை. உங்கள் சைக்கிள் ஒரே பல்லுச்சக்கரத்துக்காகச் செய்தது. பின்சக்கரத்தைப் பிடிக்கிற இரண்டு கால்களுக்கும் நடுவே இடம் குறுகல். கியர் சக்கரத்தின் அச்சோ அதைவிடச் சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் நீளம். முதலில் அச்சிலிருந்த வாஷர்களை உருவிப் பார்த்தீர்கள். சக்கரம் உட்கார்ந்தது. சுற்றினால், ஓரத்துப் பல் இரும்பில் உரசிக் கரகரவென்றது. வாஷர்களைத் திரும்பப் போட்டாயிற்று. வேலந்தாவளத்துச் சைக்கிள் கடைக்காரர், "பிரேமை விரிச்சா வெடிச்சுப் போயிருமுங்க, பேசாம புது வண்டி வாங்கிக்கங்க" என்றார். பஸ்ஸில் ஊர் வந்து சேருகிறவரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள்.

அப்போதுதான் இந்தக் கம்பி உங்கள் நினைவுக்கு வந்தது. அதை இரண்டு கால்களுக்கும் நடுவே குறுக்காக வைத்து, நட்டுகளை வெளிப்பக்கமாகத் திருகினோம். ஸ்பேனர் என் கையில். சைக்கிளைப் பிடித்திருந்தது உங்கள் இடது கை. கொஞ்சம் திருகுவது, கம்பியை எடுத்துவிட்டு அளப்பது, மறுபடி வைத்துத் திருகுவது. இரும்பு விரிந்த பிறகும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்த்தது. வேண்டிய அளவைத் தாண்டி விரித்தால்தான் வேண்டிய அளவில் நின்றது. நடுவில் இருக்கிறதா என்று பார்க்க, ஹேண்டில்பார் கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டினீர்கள். சைக்கிளின் இடது கால் நன்றாக விலகியிருந்தது. வலது கால் அசைந்ததாகவே தெரியவில்லை.

"இதுக்கும் சோத்தாங்கைப் பக்கந்தான் வாதமாட்ட இருக்குது அம்மிணி" என்றீர்கள். கோணிய வாயோடு நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது பக்கத்தை உள்ளே தள்ளி, வலது பக்கத்துக்குக் கட்டை கொடுத்து நெம்பினோம். நூல் சமமாக நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது.

மகளின் சக்கரம் சற்றே சின்னது. பின் பிரேக் அதை எட்டவில்லை. இது வேண்டாம் என்று சண்டை போட்டேன். "முன்பிரேக் இருக்குதல்லோ? நானென்ன ரேஸுக்கா போறேன்?" என்றீர்கள். சைக்கிள் தாழ்ந்துவிட்டதில் உங்கள் கால் தரையில் நன்றாக ஊன்றியது. மறுநாள் காலையில் கனால் மேட்டில் ஏறினீர்கள். நடந்து போனவர்கள் உங்களை முந்திக்கொண்டு போனார்கள், அவ்வளவு மெதுவாக. நீங்கள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

ஒரு மழைக்காலம்கூட நீங்கள் முழுதாக ஓட்டவில்லை. மோட்டார் ரூம் வாசலில் சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் பார்த்து, உங்களைத் தன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஓர் ஆள் கட்டிப் பிடித்துக்கொள்ளக் கொண்டுவந்தார். உங்கள் தலை அவர் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. அதை மறக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "கெடையில கெடக்காம போயிட்டாருங்க, புண்ணியம்" என்றார்கள். என்ன புண்ணியம்? இரும்பையே வளைத்தோம். அதற்குக் கிடைத்தது இவ்வளவுதானா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

போன மாதம் மகளுக்கு வேலந்தாவளத்தில் வேலை கிடைத்தது. காலையில் அவளுக்குத் தோதான பஸ் இல்லை. "என்ர சைக்கிளுக்கு அந்தச் சக்கரம் வேணும்மா. உனக்கு மனசில்லீனா வேண்டாம், நடந்தே போய்க்கறேன்" என்றாள். நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு நானே கழற்றிக் கொடுத்தேன். உங்கள் பழைய சக்கரம் இப்போது உங்கள் சைக்கிளில் இரண்டு பக்கமும் தொடாமல் லொடலொடவென்று ஆடுகிறது. நட்டை இறுக்கினால் கால்கள் நெருங்கி வந்துவிடும் என்கிறார்கள். வந்து என்ன ஆகப்போகிறது? ஏறுவதற்கு ஆள் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு அடங்கவில்லை. மிதிப்பதை நிறுத்தினால் மகளின் சக்கரம் கிர்ரென்று ஒரு சத்தம் போடும். நீங்கள் கனால் மேட்டிலிருந்து இறங்கி நம் வாசலுக்கு வருகிறவரை அது கேட்கும். சாயங்காலம் அது காதில் விழுந்ததும் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறேன். வாசலுக்குப் போன பிறகுதான் புத்தி வருகிறது.

"எனக்காவ எதுக்கும்மா தெனமும் வாசல்ல வந்து நிக்கற?" என்று அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே இறங்குகிறாள். பெற்ற மகளைக் கண்டதும் என் முகம் வாடிவிடுகிறது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று, பையை வாங்குகிற சாக்கில் குனிந்துகொள்கிறேன்.