திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் கடிதம் வந்தது, நாலே வரி, அதிலும் ஒரு வரி மழையைப் பற்றி. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. அக்கா போன வாரம் பிள்ளையோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு நான் பயிற்சி கொடுத்தேன் அல்லவா, அங்கே இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், அதனால் வகுப்பில் அவளுக்கு விசில் என்று பெயர். அவளை மனசில் வைத்துத்தான் மூலையில் ஒரு நாற்காலி போட்டு முன்னால் திரை கட்டச் சொன்னேன், தாங்க முடியாதபோது அவளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்று. நீ அனுப்பிய நீலத் துணிதான் திரை. நேற்று அங்கே போயிருந்தேன். வகுப்பு டீச்சர் நல்ல மனசுக்காரி, நாற்பது பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்துகிறவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொல்லிக்குடுத்ததுல இருந்து ஒரு தொல்லையும் இல்ல மேடம், பிள்ளை இருக்கிற இடமே தெரியல என்றாள். எனக்கும் பெருமைதான். பிறகுதான் திரையை விலக்கினேன். புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் உள்ளே இருந்தன. காலையில் வந்ததும் அங்கே உட்கார வைத்தால் சாயங்காலம் மணி அடிக்கும்வரை அங்கேதானாம். கரும்பலகைகூட அங்கிருந்து தெரியாது. வந்த ஆத்திரத்தில் திரையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த குழந்தை மறுமுனையைப் பற்றிக்கொண்டு, நான் வெளிய வந்தா எல்லாருக்கும் சத்தமாயிடும் மிஸ் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். முன்பு போலக் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டீச்சரைத் திட்ட வாய் வரவில்லை. பிள்ளையை உள்ளே அனுப்புவதைத்தான் அன்றைக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தேன், திரும்ப எப்படிக் கூப்பிடுவது என்று சொல்ல எனக்கே தோன்றவில்லை. திரையை மறுபடி கட்டிவிட்டு வந்தேன், வேறு என்ன செய்ய. திங்கட்கிழமை முதல் நானே அந்த வகுப்பில் போய் உட்காரப் போகிறேன். ஆனால் அவளுடைய அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டுவிட்டாளாம், மாதக் கடைசிவரைதான் இருப்பாள். அதற்குள் அவளை வெளியே வரவைக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்று காலை நீ அங்கே வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா அப்பாவிடம் போனில் பேசினாள். தங்கமான பையன், வேலைக்குப் போவான், வந்து கதவைச் சாத்திக்கொள்வான், இருக்கிற இடமே தெரியாது என்றாளாம். அப்பா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே பேசு, கண்ணா.

உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்
அம்மா