கண்டி பார்க்காத கண்டிக்காரிக்கு

என் உசுருக்கு உசுரான செல்லம்மா அக்காவுக்கு,

நேற்று நான் கண்டிக்குப் போய் வந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

விடியவே மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு டிக்கோயாவில் பஸ் ஏறினேன். துணைக்கு, தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் நம் அறைக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் பிலோமினா வந்தாள். அவள் கையில் ஜெபமாலை, என் நெற்றியில் திருநீறு. வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் இரண்டு பக்கத்துச் சாமிக்கும் வேலை கொடுத்தோம்.

நீ கண்ணை மூடியபோது உன் மகள் வசந்தி அஞ்சலிப் படம் ஒன்றை போனில் அனுப்பினாள். மாலை போட்ட உன் முகத்துக்குக் கீழே ‘கண்டி செல்லம்மாள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நீ கண்டியைப் பார்த்ததே இல்லையே அக்கா!

துறையூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த மலைநாடு முழுக்கக் கண்டிதான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் மாமா குடும்பத்தோடு கப்பலேறி அங்கே போய் இறங்கிய நீ, அன்றைக்கே கண்டிக்காரி ஆகிவிட்டாய். உன் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலை, பிறகு போனில் என்னிடம் சொல்லிச் சிரித்தாயே.

“எங்க வீட்டு வாசல்லயே பெரிய குளம், கரையில வெள்ளச் செவரு, அலை அலையா இருக்கும்னு அடிச்சு விட்டுட்டேன்டி. நீயாவது போய்ப் பாத்து, இருக்கா இல்லையான்னு சொல்லு.”

போவதற்குள் நீ போய்விட்டாய். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? அதனால்தான் போனேன்.

இருக்கிறது அக்கா. குளம் இருக்கிறது, கரையில் வெள்ளைச் சுவரும் இருக்கிறது. அது நேராகப் போகாமல் மேலேறிக் கீழிறங்கி, நீ சொன்ன மாதிரியே அலை அலையாகப் போகிறது. நடுவில் ஒரு சின்னத் தீவு, அதில் தென்னை மரங்கள். சந்தை, மணிக்கூண்டு, கதிர்காமக் கந்தன் கோயில் என்று எல்லாம் நடந்தே பார்த்தோம். கந்தன் முன்னால் உன்னை நினைத்து ஒரு விளக்கேற்றினேன். முழங்கால் கெஞ்சியது.

“வலிக்குதுன்னா முருகன்கிட்ட சொல்லுங்க, என்கிட்ட சொல்லாதீங்க,” என்றாள் பிலோமினா.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை வாசலில் தாமரைப் பூ விற்ற அம்மா, “கொஹெந்த அம்மே?” என்று கேட்டாள். எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்கிறாள். டிக்கோயா என்றேன். கண்டியில் நான் டிக்கோயாக்காரி, துறையூரில் நீ கண்டிக்காரி. டிக்கோயாவிலோ நம்மை இந்தியாக்காரர்கள் என்றுதானே சொன்னார்கள்? எந்த ஊரில்தான் நமக்கு அந்த ஊர்ப் பேர் அக்கா?

பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு எதிரே இருந்த குளக்கரைக்கு வந்தபோது வசந்தி வீடியோ கோலில் வந்தாள்.

“சித்தி, அம்மா வீடு எங்க? போனத் திருப்பிக் காட்டுங்க.”

நீ அடித்து விட்டதை அவளும் நம்பியிருக்கிறாள். பிலோமினா காதருகே குனிந்தாள். “அந்தா, அந்த மாடி வீட்டக் காட்டிருங்க. புள்ள சந்தோசப்படும்.”

“சாமி வாசல்ல நின்னுகிட்டா?”

“எந்தச் சாமி? காலையில இருந்து மூணு பாத்தாச்சு.”

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நான் உண்மையைச் சொன்னால் உன் பிள்ளை முன்னால் நீ பொய்க்காரி ஆவாய். சொல்லாவிட்டால் நீ பிறந்த லயம் அவளுக்குத் தெரியாமலே போகும். என்ன செய்வேன்? சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நம் காம்பராவின் வாசல் பக்கத்துச் சுவரில், அடுப்புப் புகையில் மஞ்சளித்துப்போய் ஒரு கலண்டர் தொங்குமே! அதில் இதே குளம், இதே வெள்ளைச் சுவர்.

“வசந்தி, ஒங்க அம்மா இந்த ஊரப் பாத்ததில்ல கண்ணு. நாங்க டிக்கோயாவுல, லயத்துல ஒத்தக் காம்பராவுல இருந்தோம். ஆனா அவ பொய் சொல்லல. எங்க வாசல்ல குளம் இருந்துச்சு. கலண்டர்ல இருந்துச்சு.”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அந்தச் செவத்த இன்னொரு தடவ காட்டுங்க சித்தி.” காட்டினேன். “அம்மா சொன்ன மாதிரியே இருக்கு. ஸ்கூல் லீவுக்குப் பிள்ளைகளோட வர்றேன். ஆனா முதல்ல அந்தக் காம்பராவத்தான் பாக்கணும்.”

திரும்பும்போது சந்தையில் ஒரு கடையில் அந்தக் குளத்தின் படம் தொங்கியது. வாங்கிவிட்டேன். பஸ்ஸில் கசங்கிவிடுமோ என்று பிலோமினாவும் நானும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

நம் வாசல் பக்கத்தில் அந்தக் கலண்டர் தொங்கிய ஆணி துருப்பிடித்து இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. உன் பிள்ளை படியேறி வரும்போது வாசலில் குளம் இருக்கும் அக்கா. இது சாமி மேல் ஆணை.

உன் கண்ணாக இருந்து கண்டியைப் பார்த்து வந்த
உன் தங்கச்சி,
பாக்கியம்