ஒருசந்தியும் குளிசையும்

23.02.2004, திங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் வரும்வரை நானும் றெக்ஷனும் ஒரு சொல் பேசவில்லை. கலியாணம் கட்டிய மூன்று வருடத்தில் என் வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்தது இதுதான் முதல் தடவை.

ஏன் இன்னும் பிள்ளையில்லை என்று கேட்கப் போன இடத்தில், எனக்குக் கிளமிடியா என்றார் டொக்டர் அம்மா. உறவால் தொற்றுகிற கிருமியாம். சத்தமில்லாமல் கிடந்து கருக்குழாயை அடைத்துவிடுமாம். இருவருக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை, காலையும் மாலையும் ஒவ்வொன்று, ஏழு நாள். பாலோடு விழுங்கக்கூடாது, கடும் வெயில் கூடாது, முடியும்வரை ஒன்றாகப் படுக்கவும் கூடாது.

"ஒராள் மட்டும் குடிச்சால், தோணியில ஒராள் தண்ணி இறைக்க மற்றாள் ஊத்திற மாதிரி" என்றார்.

24.02

எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டேன். இடம்பெயர்ந்து நீர்கொழும்பில் கடற்றொழில் செய்த காலத்தில், என்னைக் கட்ட முன்னம், ஒருத்தியாம். "அதுக்குப் பிறகு உம்மைத் தவிர ஆருமில்லை, ஜசிந்தா." சொல்லிவிட்டு அழுகிறார். அழவேண்டியது நானெல்லோ! நெத்தலியளவு புத்தியாவது இருந்திருந்தால்— தாச்சியைத் தேய்த்த தேய்ப்பில் பிடி கழன்றுவிட்டது.

மன்னித்தேனா? தெரியாது. அவருடைய குளிசை உறையை அவர் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

26.02

அவருடைய பாய் விறாந்தைக்குப் போய்விட்டது. மாமி அதைக் கண்டு சண்டையோ என்று மகனிடம் கேட்டிருக்கிறார். நேற்று விபூதிப் புதன், உயிர்ப்பு ஞாயிறு வரைக்குமான தபசுகாலம் தொடங்கிவிட்டது என்ற துணிவில் இந்த மனுசன், "தபசுகாலமெல்லோ அம்மா, ஒறுத்தலுக்காகத் தனியப் படுக்கிறன்" என்றாராம். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் சுவாமியாராகப் போயிருக்க வேண்டியவன் என்று எனக்கே சொன்னார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

28.02

வெயில் படக்கூடாதென்று என் பூ வைத்த ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறார். கோபமாயிருக்கும்போது சிரிக்கவைக்கிற புருசன் பெரிய தொல்லை.

29.02, ஞாயிறு

மாமி கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். இவரோடு கடலுக்குப் போகிற இராயப்பு அண்ணை, தன் மனைவியும் ஒறுத்தல் தொடங்கிவிட்டாள் என்று இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

01.03

என் உறை வெறுமை. அவருடையதில் இன்னும் குளிசை கிடக்கிறது!

புதனும் வெள்ளியும் விழுங்கவில்லையாம். "ஒருசந்தியில குளிசை போட்டால் ஒருசந்தி முறிஞ்சுபோகுமெல்லோ?"

ஒருநேரச் சாப்பாட்டோடு தவமிருக்கிறாராம் ஐயா. இந்தப் பக்தி நீர்கொழும்பில் எங்கே போனது? நல்லாக் கேட்டுப்போட்டன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். அவர் குளிசை விட்டதற்கல்ல. எனக்குப் பிள்ளை வேணும்.

03.03

மறுபடி டொக்டரிடம். மருந்து எந்த ஒருசந்தியையும் முறிக்காது என்றார். இருவரும் முதலிலிருந்து. இம்முறை குளிசை என் கையால்தான், தண்ணீரும் என் கையால்தான். வாயைத் திறந்து காட்டவும் சொன்னேன். காட்டினார்.

10.03

முடிந்தது. வெறும் உறையைக் கவிழ்த்து என் முன்னால் தட்டிக் காட்டினார். சிரித்துவிட்டேன். பாயை நானே எடுக்கப் போனேன். மாமி மறித்துவிட்டார்.

"உயிர்ப்பு ஞாயிறுமட்டும் ஒறுத்தல் எண்டு கோயில் சுவாமியாருக்குச் சொல்லிப்போட்டன், பிள்ளை. இடையில விட்டால் ஊர் சிரிக்கும்."

19.03

நாங்கள் இருவரும் சுகம். பாய்தான் இன்னும் வெளியில்.

11.04, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மாமியே பாயைச் சுருட்டிக்கொண்டுவந்து எங்கள் அறைக்குள் வைத்தார். தலைநிமிராமல் போய்விட்டார். றெக்ஷன் வெட்கப்பட்டார், பார்க்க ஆசையாயிருந்தது. என் கோபம் எந்த நாளில் போனதென்று யோசித்தேன். அந்தத் தொப்பி நாளாகத்தான் இருக்கும்.

17.10.2004

ஐந்து மாதம். காலையில் ஒரு உதை. றெக்ஷன் கையை வைத்ததும் பிள்ளை கம்மென்று இருந்துவிட்டது. தகப்பனைப் போலவே.

தபசுகால ஒறுத்தலுக்குக் கிடைத்த வரம் என்று மாமி ஊரெல்லாம் சொல்கிறார். இன்று அயல்வீட்டு கிறேஸை என்னிடம் அனுப்பியிருந்தார். ஆறு வருடமாய்ப் பிள்ளையில்லாதவள். என்ன செபம் சொன்னனீங்கள் என்று மெல்லக் கேட்டாள். கண்ணெல்லாம் ஆசை.

குசினிக் கதவைச் சாத்தினேன். டொக்டர் அம்மாவின் பெயர், இருக்கிற இடம், எல்லாம் சொன்னேன். புருசனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். எழும்பினவளைத் திரும்ப இருத்தினேன்.

"குளிசை தந்தால் ரெண்டு பேரும் விழுங்கவேணும். ஒருசந்தியெண்டாலும் விடக்கூடாது, கிறேஸ். புருசன்ர வாயைத் திறந்து பாரும்."