பின் சீட்டில் விரித்த துண்டு

அன்பு மாப்ளே சண்முகவேலு,

உன் வண்டி இப்போது அருப்புக்கோட்டையில், கார் சீட் வேலை பார்க்கிற என் கடைக்குள்தான் நிற்கிறது. நாலு கதவையும் திறந்து போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் உனக்கு வருஷத் திதி. சொந்தபந்தம் எல்லாம் பந்தல்குடிக்கு வருமாம். "வண்டி அழுக்கா நின்னா எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பிடிக்காதுண்ணே, சீட்டையெல்லாம் நல்லாத் தொடச்சுக் குடுங்க" என்று உன் வீட்டுக்காரி சாந்தி கொண்டுவந்து விட்டாள்.

நீ போன பிறகு இந்த வண்டிக்குள் நான் ஏறியது இதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது அப்போது. இப்போது உன்மேல் கொலைவெறியாக வருகிறது. செத்தவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

வண்டி வாங்கிய புதிதில் நீ அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? "அம்புட்டும் லெதர் சீட்டுலே" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, பளபளவென்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து வைத்தாய். உன் சித்தப்பா வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து எழுந்தார். அந்த வேட்டியை அப்புறம் அவர் கட்டவே இல்லை. "ஏலே, இதென்ன பணியாரச் சட்டியா?" என்று நான் கத்தினேன், நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

அன்றைக்குத்தான் உனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சோப்புப் போடாதே, மெத்தென்ற பிரஷ்ஷும் ஒட்டப் பிழிந்த துணியும் போதும். தையல் இடுக்கில் கரிசல் புழுதியை விட்டுவைக்காதே. நம் ஊர் வெயிலில் நிறுத்தாதே, லெதர் வெடித்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம் தலை எண்ணெய். "எண்ணெய்த் தலையோட யாரு ஏறுனாலும் ஒரு துண்ட விரிச்சு விடு, ஒங்க அப்பாவா இருந்தாலும் சரி" என்றேன். "சரி மாப்ள" என்றாய்.

என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கு நீதான் வண்டி ஓட்டினாய். டிரைவரை அனுப்பியிருக்கலாம், நீயே வந்தாய். டிக்கியைத் திறந்து ஒரு நீலப் பூத்துண்டை எடுத்து, பின் சீட்டில் தலை சாய்க்கிற இடம் வரைக்கும் சுருக்கமில்லாமல் விரித்து, "ஏறுங்கம்மா" என்றாய். உங்கள் காட்டில் மிளகாய் பறித்து என்னை வளர்த்தவள் அவள். எங்கள் தெரு முழுக்க அதையே சொல்லித் திரிந்தாள். "துணி விரிச்சுல்ல என்னைய உக்கார வச்சாரு அந்தத் தம்பி! பெத்த மகனுக்குக்கூட அது தோணல." நான் சொன்னதை இவன் ஒழுங்காகச் செய்கிறானே என்று எனக்கும் பெருமை. அதற்குப் பிறகு அவள் ஏறிய ஒவ்வொரு தடவையும் அதே துண்டுதான்.

முந்தாநாள் சீட்டைப் பார்த்தபோது, தலை சாய்க்கிற இடமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, துண்டு விரிக்கிறதில்லையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அவன்கிட்ட" என்று சாந்தியிடம் கேட்டேன்.

"யாருக்குண்ணே விரிக்க? அத்தை, மாமா, எங்க அண்ணன் வீட்டாளுக, எல்லாரும் சும்மாதான உக்காருவாக."

"அப்ப டிக்கியில இருக்கே, அந்த நீலத் துண்டு?"

"அது ஒங்க அம்மாவுக்குல்ல. தனியா ஒரு பையில போட்டு வைக்கச் சொல்லியிருக்காக. தொவைக்கிறதுகூட எங்க துணியோட சேர்த்து..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் செத்துப்போனது. "அத்தைக்கு ஒத்துக்காதுண்ணே, அதுனாலதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மாப்ளே, திருச்சுழி டீக்கடையில் எனக்குத் தனி கிளாஸ் கொடுத்தபோது அதைப் பிடுங்கித் தரையில் அடித்தவன் நீ. என் தூக்குவாளியில் கைவிட்டுத் தின்றவன் நீ. வேலைச் சட்டையோடு உன் பக்கத்துச் சீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன்? ஒரு நாள்கூட எனக்குத் துண்டு விரிக்கவில்லையே. நான் உனக்கு மாப்ள என்றால் என்னைப் பெற்றவள் உனக்கு யார்?

உன் அம்மாவுக்குப் பயந்தாயா? அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. திட்டியிருப்பேன், கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு நானே வந்திருப்பேன். நான் சொல்லிக்கொடுத்த யோசனையையே எடுத்து என் அம்மாவுக்கு விரித்தாயே, அதுதான் ஆறவில்லை. துரோகம் என்று சொல்லாமல் இதற்கு வேறு என்ன பேர் வைப்பது?

வேலையில் குறை வைக்கவில்லை. லெதருக்கென்று இருக்கிற நுரை மருந்தைப் போட்டு, ஒற்றி ஒற்றி, உன் சொந்தக்காரர்களின் எண்ணெய்க் கறையை எல்லாம் எடுத்துவிட்டேன். க்ரீமும் தடவியாயிற்று. பாக்கி இருந்தது மேல் கோட்டிங். அதைப் பூசும் முன்னால் சீட்டில் ஒரு கறைகூட இருக்கக் கூடாது. இருந்தால் அடியிலேயே தங்கிவிடும், பிறகு எந்த மருந்துக்கும் வராது.

இன்று காலையில் சாந்திக்குப் போன் போட்டேன். "அம்மாவ ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வாரேன்" என்றேன். "போயிட்டு வாங்கண்ணே. அந்தத் துண்டு வேண்டாம்" என்றாள்.

அம்மா வழக்கம்போலத் தலை நிறைய எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். கதவைத் திறந்ததும் தயங்கி நின்றாள். "துண்டு எங்கடா? எனக்குன்னு வச்சிருக்குமே அந்தத் தம்பி."

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "தொவைக்கப் போட்டிருக்கும்மா" என்றேன்.

"வெறும் சீட்டுலயா? அழுக்காயிருமேய்யா. அந்தத் தம்பி ஆசையா வச்சிருந்த வண்டி."

நுனியில்தான் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்துகொள் என்று அதட்ட வேண்டியிருந்தது. நரிக்குடி ரோட்டில் திரும்பி, கருவேலங்காட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்து பார்த்தேன். அவள் தலை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்த் தடம், ஒரு நரைமுடி. முடியை எடுத்தேன். தடத்தைத் தொடவில்லை. அதன்மேலேயே கோட்டிங்கைப் பூசிவிட்டேன்.

உன் திதிக்கு வருவேன். இந்த வண்டி எப்போது வந்தாலும் என் கையாலேயே துடைப்பேன். அம்மாவிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அது உனக்காக இல்லை. தனக்கு ஒருவன் துணி விரித்தான் என்கிற சந்தோஷம் அவளுடையது, அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் அது என்ன கறை என்று உன் வீட்டில் யார் கேட்டாலும், எங்கள் அம்மா சாய்ந்த இடம் என்று சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இருளாயி மகன்
முனியசாமி