பிரித்துப் படித்த சொல்

மார்ச் 3, செவ்வாய்

வகுப்பில் இன்று 'இன்' என்ற முன்னொட்டு. சில ஆங்கிலச் சொற்களில் அது 'இல்லை', சிலவற்றில் 'உள்ளே'. "மனப்பாடம் வேண்டாம், வேரைப் பிரித்துப் பாருங்கள்" என்று பதினெட்டு வருடமாகச் சொல்வதையே சொன்னேன். கழுத்துக் கட்டியில் சோதனைக்காக ஊசி குத்திய இடம் பேசப் பேச இழுத்தது.

மார்ச் 5, வியாழன்

அறிக்கையின் நகல் கிடைத்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள். தைவானில், எங்கள் தைச்சுங்கில், எந்த டாக்டரும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். மற்றவர்களுக்குப் புரியாது, நிம்மதி. எனக்குப் புரியும். அதுதான் வினை.

தைராய்டில் புற்று. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அடியில் டாக்டரின் குறிப்பு, ஒரே சொல்: 'இண்டொலென்ட்'. என் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல்தான். சோம்பேறி. மனிதன் சோம்பேறியாக இருப்பான், கட்டி இருக்குமா? பிரித்தேன். 'இன்' என்றால் இல்லை. லத்தீனில் 'டோலர்' என்றால் வலி. வலி இல்லாதது.

வலிக்காத கட்டிதான் ஆளைக் கொல்லும் என்று பெரியப்பா இறந்தபோது எல்லோரும் சொன்னார்கள்.

மார்ச் 6

அழுத்தி அழுத்திப் பார்த்தேன். வலித்துத் தொலைக்கக் கூடாதா?

மார்ச் 7, சனி

துணை ஆசிரியை மேய்-யுன்னிடம் மட்டும் காகிதத்தைக் காட்டினேன். ஒரு வேரும் அறியாதவள், அகராதியை நெட்டுருப் போட்டே தேறியவள்.

"சோம்பேறின்னு போட்டிருக்குக்கா. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

"கட்டி எப்படிடீ சோம்பேறியாகும்? பிரிச்சுப் பாரு."

"பிரிக்கத் தெரியாதுக்கா. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. நீங்க போட்ட புத்தகம்."

கத்திவிட்டேன். கத்தும்போதே பயம் — ஆபரேஷனில் நரம்பு அறுபட்டால் குரல் போயிடுமே. அப்புறம் நான் யாரு? யார் என்கிட்ட படிக்க வருவாங்க? அதுவரைக்கும் இருப்பேனா முதல்ல?

மார்ச் 9, திங்கள்

கணவர் யுங்-சியாங் மீன் கஞ்சி வாங்கி வந்தார். "படிச்சதால வந்த பயம் இது. குடி, ஆறிடும்." இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவரும் குடிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் லியாவ் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "புத்துதான். ஆனா சோம்பேறிப் புத்து. சிலது பத்து வருஷமானாலும் அசையாது. இப்போ கத்தி வேணாம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் பாப்போம்."

"சோம்பேறியா?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். எழுதியிருந்தேனே. இங்கிலீஷ் டீச்சர்னு சொன்னீங்க?"

யுங்-சியாங் சிரித்தார். நான் அழுதேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம்?

மார்ச் 12, வியாழன்

பாடத்தில் அந்தச் சொல் வந்தது. பிரித்து எழுதப் போன நான், சாக்பீஸை மேய்-யுன்னிடம் கொடுத்தேன்.

"சோம்பேறி," என்றாள் அவள். "அவ்வளவுதான். மனப்பாடம் பண்ணிக்கங்க."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் கழுத்தில் கை வைத்து, அவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்: தூங்கு.