எஃப் கட்டையின் தாமதம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சர்ச்சின் பழைய சிந்தசைசர் இன்னும் சரியாகவில்லை. நடு எஃப் கட்டை மட்டும் அழுத்திய பிறகு ஒரு கணம் தாமதித்தே ஒலிக்கிறது. அடியில் இருக்கும் ரப்பரைப் போன வாரம்தான் மாற்றினேன். இன்று மறுபடியும் திறந்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பக்கத்துக் கட்டையின் ரப்பரை இதற்குப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டை ஒழுங்காக இருக்கிறது. எஃப் அப்படியேதான்.

போன வருஷம் இறந்துபோன தேவராஜ் அங்கிள் வாசித்த காலமெல்லாம் அந்தக் கட்டை ஊமை. யாரையும் அதைத் திறக்க விடமாட்டார். பாட்டில் அந்த இடம் வந்தால் அந்த ஸ்வரத்தை வாயாலேயே பாடி நிரப்பிவிடுவார்.

சாயங்காலப் பயிற்சியில் நான் வாசித்தேன். முடிந்ததும் ஷீபா பக்கத்தில் வந்தாள். பாடகர் குழுவுக்குப் புதியவள், அங்கிளைப் பார்த்ததே இல்லை.

"கட்டைதான் சரியாயிடுச்சே அண்ணா, இன்னும் ஏன் அந்த இடத்துல வாயால பாடுறீங்க? நக்கோ, வேணாம், நல்லாவே இல்ல. நீங்க பாடி முடிச்சப்புறம்தான் கட்டையே சத்தம் போடுது."

சிரித்து வைத்தேன். வாசிக்கும்போது நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஞாயிறு ஆராதனையிலும் அதே பாட்டுதான் கொடுத்திருக்கிறார்கள்.