மூன்றாம் தசமத்துக்கு அப்பால்

மார்ச் 3
வாலுவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து பதினான்கு மாதம். (தங்கைதான். இருபத்தாறு வயதிலும் வால்தான்.) மாத்திரையைக் குறைக்கலாம், ஆள் துணையோடு நீந்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குதிக்கிறாள். எனக்குத்தான் பயம்.

மார்ச் 5
செய்யக் கூடாததைச் செய்தேன். அவளுடைய மூளை அலைப் பதிவிலிருந்து எண்களை எடுத்து, நான் பாடம் எடுக்கும் கல்லூரி ஆய்வகத்தில், மூளை அலைகளைக் கணிக்கும் என் சமன்பாடுகளில் போட்டு ஓட்டினேன். திரையில் கோடு பதினொரு நாள் கோணல்மாணலாக ஓடியது. நல்ல மூளை அப்படித்தான் ஓடும். பன்னிரண்டாம் நாள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றது. அந்த ஒழுங்குதான் வலிப்பு.
அந்த நாள் மார்ச் 17.

மார்ச் 6
நீச்சல் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சும்மாதான் என்றேன்.

மார்ச் 9
உள்ளே வலிப்பு வந்தால் கதவைத் திறக்க முடியாதே என்று குளியலறைத் தாழ்ப்பாளை நான் கழற்றியதற்குச் சண்டை.

மார்ச் 12
காலையில் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். டக், டக், டக் - ஒரே இடைவெளி. ஐயோ, வந்துடுச்சா? ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.
"விடுக்கா, பாட்டுக்குத் தாளம் போடுறேன்."
கையை விட்டேன்.

மார்ச் 15
அன்று மூளை அலைப் பதிவின் அறிக்கை அட்டவணையைப் பார்த்து எண்களைத் தட்டியிருக்கிறேன். அட்டவணையில் மூன்று தசம இடம்தான் அச்சாகும். மூலப் பதிவில் ஆறு இருக்கிறது. தொடக்கத்தில் துளி மாறினால் முடிவு எங்கோ போய்விடும் - வருடா வருடம் முதல் வகுப்பில் நானே சொல்வது! அறிவு கெட்டவள்.
ஆறு இடமும் போட்டேன். வலிப்பே இல்லை. கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டினேன். மூன்றாம் நாளே வந்தது. இன்னொன்று கூட்டினால் நாற்பதாம் நாள்.
பயம் போகும் என்று நினைத்தேன். ஒரு தேதிக்குப் பயந்தவள், இனி எல்லாத் தேதிக்கும் பயப்பட வேண்டும்.

மார்ச் 16
வாலுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.
"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருக்கலாம்ல? நான் தினமும் தெரியாமதான் எந்திரிக்கிறேன்."
அழுதுவிட்டேன்.

மார்ச் 17
நீச்சல்குளம். உயிர்காப்பாளரிடம் எல்லாம் சொல்லி, கரையோரமே உட்கார வைத்தேன். குதித்தாள். எண்ணினேன். ஏழில் தலை தெரிந்தது. இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம், கண்றாவி நீச்சல். அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மாலையில் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டினேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என் அறைக்கு வந்து இதை எழுதுகிறேன்.